பேராயர் டேனியல் வில்சன்: 1833-இன் சுற்றறிக்கையும் இன்றைய வழக்கும்

நாமக்கல் மாவட்டத்துச் சேரி ஒன்றில் அண்ணன் தம்பி இருவர் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றனர். அண்ணனிடம் இந்து ஆதிதிராவிடர் என்னும் பட்டியல் சாதிச் சான்றிதழ் இருக்கிறது. தம்பி திருமுழுக்குப் பெற்றுச் சபைப் பதிவேட்டில் பெயர் எழுதிக்கொண்டவர். அவருடைய பிள்ளைகளுக்குப் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழே கிடைக்கிறது. ஊர்த்தெருவில் இருவரையும் ஒரே பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்கள். தேநீர்க் கடையில் இருவருக்கும் ஒரே ஓரம்தான். ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு அண்ணன் தீண்டாமைக்கு உள்ளானவர். தம்பியோ அதிலிருந்து விடுபட்டுவிட்டவர்.

இப்படிப்பட்ட குடும்பங்களுக்காக வழக்காடும்போது, வழக்குரைஞர் என்ற முறையில் நான் திரும்பத் திரும்பச் சந்திக்கும் கேள்வி ஒன்று உண்டு. கிறித்தவத்தில் சாதி இருக்கிறதா? வேதநூலைத் திறந்து பார்த்தால் இல்லை என்பதே விடை. அந்த விடையை வைத்துக்கொண்டு அரசு தன் கடமையை முடித்துக்கொள்கிறது. திருச்சபையின் உயர்பீடமும் பல வேளைகளில் அதே விடையைச் சொல்லி நகர்ந்துவிடுகிறது. தலித் கிறித்தவர் இருவருக்கும் நடுவில் சாட்சியின்றி நிற்கிறார்.

சாட்சி இல்லாமல் இல்லை. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன் சாட்சி சொன்னவர் திருச்சபையின் எதிரியல்லர். இந்தியாவிலிருந்த ஆங்கிலிக்கத் திருச்சபை முழுவதற்கும் தலைவராயிருந்த பேராயர் டேனியல் வில்சன். தமிழ்நாட்டு ஆலயங்களுக்குள் சாதி இருக்கிறது என்று அவர் எழுத்தில் ஒப்புக்கொண்டார். அது உடனே ஒழிய வேண்டும் என்று ஆணையிட்டார். அந்த ஆணைக்கு என்ன நேர்ந்தது என்பதையும், அது எங்கே தோற்றது என்பதையும் அறிய அவருடைய வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்தே பார்க்க வேண்டும்.

அவருக்கு முன்பிருந்த ஆலயங்கள்

1706-இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு வந்திறங்கிய நாளிலிருந்தே சீர்திருத்தத் திருச்சபைக்குள் சாதி வந்துவிட்டது. 1718-இல் அங்கே கட்டி முடிக்கப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்தில் வேளாளர் முதலிய சாதியினருக்கு ஓரிடம், பறையருக்கு வேறோரிடம் என்று வகுத்திருந்தனர். அக்கால மிஷன் ஆவணங்கள் முதல் தரப்பினரைச் சூத்திரர் என்றே குறிக்கின்றன. திருவிருந்திலும் அவர்களே முதலில் வருவர். தலித்துகள் பின்னால் வருவர்.

1733-இல் முதல் தமிழ்க் குருவைத் தேர்ந்தெடுக்கும் நேரம் வந்தது. அன்று பேர்பெற்ற உபதேசியார்களில் ஒருவர் இராசநாயக்கன். தஞ்சைப் படையில் பணியாற்றியவர், பறையர் சமூகத்தவர், ஊர் ஊராகச் சென்று சபைகளைக் கட்டியவர். ஆயினும் அவருக்குக் குருப்பட்டம் தரப்படவில்லை. அவர் கையிலிருந்து மேல்சாதிக் கிறித்தவர் திருவிருந்தைப் பெற மாட்டார்கள் என்று மிஷனரிகள் அஞ்சினர். வேளாளரான ஆரோன் குருவானார். தமிழ்நாட்டுச் சீர்திருத்தத் திருச்சபையில் முதல் பணி நியமனமே சாதியைப் பார்த்துத்தான் நடந்தது.

இதே வழக்கம் சென்னை வேப்பேரிக்கும் தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் பரவியது. வேப்பேரி மிஷன் 1728-இல் தொடங்கியது. அதன் குருக்கள் ஜெர்மனியிலிருந்து வந்த லுத்தரன்கள். செலவுக்குப் பணம் தந்தது இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்த சங்கம். 1820-களில் இச்சபைகள் முழுமையாக ஆங்கிலிக்கப் பேராயரின் ஆளுகைக்குள் வந்தன. அந்தப் பத்தாண்டிலேயே வேப்பேரியில் இன்று தூய மத்தியா ஆலயம் என்று அறியப்படும் பெரிய கோயில் எழுந்தது. கட்டடம் புதிதாயிற்று, இருக்கைகளின் ஒழுங்கு பழையபடியே இருந்தது.

பழைய மிஷனரிகள் இதற்கு ஒரு நியாயம் வைத்திருந்தனர். சாதி என்பது சமயம் சார்ந்ததன்று, குடிமை சார்ந்த வேறுபாடு. ஐரோப்பாவில் பிரபுவும் உழவனும் தனித்தனியே அமர்வது போன்றது. காலப்போக்கில் அது தானே தேய்ந்துவிடும் என்றனர். பெரும்புகழ் பெற்ற சுவார்ட்சும் ஏறத்தாழ இந்த வழியிலேயே நடந்தார். ஒரு நூற்றாண்டு கழிந்தது. சாதி தேயவில்லை.

நெசவுத் தெருவிலிருந்து கல்கத்தாவுக்கு

டேனியல் வில்சன் 1778 ஜூலை 2-இல் இலண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் பிறந்தார். பட்டு நெசவாளர் நிறைந்த பகுதி அது. தந்தை ஸ்டீபன் வில்சன் பட்டு உற்பத்தியாளர். பதின்ம வயதிலேயே உறவினரின் பட்டு வணிக நிலையத்தில் பயிற்சிக்குச் சேர்க்கப்பட்ட டேனியலின் வாழ்க்கை வணிகத்திலேயே கழிந்திருக்கக்கூடும். 1796-இல் ஏற்பட்ட ஆழ்ந்த சமய மாற்றம் அவரைக் குருப்பணியின் பக்கம் திருப்பியது. ஆக்ஸ்ஃபோர்டில் பயின்று 1801-இல் குருவானார். பின்னர் அங்கேயே ஆசிரியப் பணியும் செய்தார்.

அந்நாளில் இங்கிலாந்துத் திருச்சபைக்குள் வலுவடைந்து வந்த நற்செய்தி இயக்கத்தினரோடு அவர் இணைந்தார். அடிமை வணிகத்தை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடிய வில்பர்ஃபோர்சும் அவ்வட்டத்தைச் சேர்ந்தவரே. 1824-இல் இலண்டனின் இஸ்லிங்டன் சேகரத்துக்கு வில்சன் குருவானார். மக்கள்தொகை பெருகிவந்த அச்சேகரத்தில் மூன்று புதிய ஆலயங்களைக் கட்டினார். கண்டிப்பானவர், ஓயாத உழைப்பாளி, விட்டுக்கொடுக்கத் தெரியாதவர் என்ற பெயர் அவருக்கு அங்கேயே உண்டாயிற்று. 1827-இல் மனைவி இறந்தார்.

அப்போது கல்கத்தாப் பேராயம் மரணப் பதவி என்றே பெயர் பெற்றிருந்தது. முதல் பேராயர் மிடில்டன் 1822-இல் இறந்தார். இரண்டாமவர் ஹீபர் 1826-இல் திருச்சியில் குளியல் தொட்டியில் இறந்துகிடந்தார். அவருக்குப் பின் வந்த ஜேம்சும் டர்னரும் 1828-இலும் 1831-இலும் மறைந்தனர். பத்தாண்டுகளுக்குள் நால்வரை இழந்த பதவிக்கு, 54-ஆம் வயதை நெருங்கிக்கொண்டிருந்த வில்சன் 1832 ஏப்ரலில் திருநிலைப்படுத்தப்பட்டார். அவ்வாண்டு நவம்பரில் கல்கத்தா வந்து சேர்ந்தார்.

தென்னகத்துச் சபைகளின் சாதிச் சிக்கல் அவருடைய மேசையில் ஏற்கெனவே கிடந்தது. முன்னவரான ஹீபர் மென்மையானவர். சாதியைப் பெரும்பாலும் குடிமை வழக்கமாகக் கருதி, மிஷனரிகள் அவசரப்பட வேண்டாம் என்ற மனப்போக்கில் இருந்தார். இளைய மிஷனரிகளோ பொறுமை இழந்திருந்தனர். வழிபாட்டில் இடம் பிரிப்பதை அவர்கள் தடுக்க முயன்றபோதெல்லாம் வேளாளக் கிறித்தவர் எதிர்த்தனர். இரு தரப்பும் பேராயரின் தீர்ப்புக்காகக் காத்திருந்தது.

1833 ஜூலை 5

வந்து சேர்ந்து எட்டு மாதங்களில் வில்சன் தீர்ப்பளித்தார். 1833 ஜூலை 5 தேதியிட்டுத் தென்னக மிஷனரிகளுக்கும் அவர்கள் வழியாகச் சபைகளுக்கும் ஒரு சுற்றுமடல் அனுப்பினார். அதன் சாரம் எளியது. திருச்சபைக்குள் சாதி வேறுபாடு தெளிவாகவும் உடனடியாகவும் இறுதியாகவும் கைவிடப்பட வேண்டும்.

சட்டம் படிப்பவர்கள் கவனிக்க வேண்டியது அம்மடலின் காரணப் பகுதி. சாதி வெறும் குடிமை வேறுபாடு என்ற பழைய வாதத்தை அவர் நேருக்கு நேர் மறுத்தார். ஐரோப்பியச் சமூகத் தரநிலைகளில் ஒருவன் ஏறலாம், இறங்கலாம். சாதியில் அதற்கு வழியில்லை. பிறப்பாலேயே ஒரு கூட்டத்தை நிரந்தரமாகத் தாழ்த்தி, தீட்டு என்று ஒதுக்கி, மனிதருக்கிடையே கடக்க முடியாத சுவர் எழுப்புவது அது. ஆகவே திருமுழுக்கும் சாதியும் ஒன்றாக இருக்க இயலாது என்று அவர் முடிவுகட்டினார். சாதியைத் தொழில் பிரிவினை என்று இன்றும் நியாயப்படுத்துவோருக்கு ஒரு பட்டு வணிகரின் மகன் அன்றே தந்த விடை இது.

நடைமுறைப் பகுதியில் அவர் படிப்படியாகப் போனார். புதிதாகத் திருமுழுக்குக்கு வருவோர் சாதியைத் துறந்த பின்னரே ஏற்கப்பட வேண்டும். கிறித்தவப் பெற்றோரின் பிள்ளைகளும் அதைத் துறக்காமல் திருவிருந்துக்கு வரக் கூடாது. ஏற்கெனவே திருவிருந்தில் பங்குபெற்றுவரும் முதியோரிடம் வெளிப்படையான துறவு அறிக்கையை உடனே கட்டாயப்படுத்த வேண்டாம். ஆனால் சாதியைக் காட்டும் வெளிச்செயல்கள் எவையும் அன்றோடு நிற்க வேண்டும். ஆலயத்தில் தனியிடம், திருவிருந்துக்கு வருவதில் முன்பின், திருமண ஊர்வலத்தில் வேறுபாடு, நெற்றியில் இடும் குறி, உணவிலும் உடையிலும் பிரிவினை ஆகியவற்றை அவர் குறிப்பிட்டார்.

இப்பட்டியலை ஒரு குற்றப்பத்திரிகையாகவும் படிக்கலாம். எந்த வழக்கம் நடைமுறையில் இருக்கிறதோ அதைத்தான் ஒருவர் தடை செய்வார். 1833-இல் தமிழ்நாட்டுக் கிறித்தவ ஆலயங்களுக்குள் என்னென்ன நடந்தன என்பதை, அவற்றை ஆளும் அதிகாரி தம் கையொப்பத்தோடு எழுதித் தந்த ஆவணம் அது.

வேப்பேரியிலும் தஞ்சையிலும்

1833 இறுதியிலும் 1834 தொடக்கத்திலும் மடல் சபைகளில் வாசிக்கப்பட்டது. விளைவு உடனே தெரிந்தது. வேப்பேரியில் வேளாளர் உள்ளிட்ட மேல்சாதிக் கிறித்தவர் பெருமளவில் ஆலயத்தை விட்டு வெளியேறினர். தஞ்சாவூரிலும் திருச்சியிலும் அதுவே நடந்தது. அவர்கள் தங்களுக்குள் தனியே வழிபாடு நடத்திக்கொண்டனர். ஆணைக்குக் கீழ்ப்படிய மறுத்த உபதேசியார்களும் ஆசிரியர்களும் மிஷன் வேலையை இழந்தனர். சம்பளத்தை விடத் துணிந்த அவர்கள் இருக்கையை விடத் துணியவில்லை.

எதிர்ப்பின் அறிவுமுகமாக விளங்கியவர் தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார். சுவார்ட்சின் மாணவர், சரபோசி மன்னரின் நண்பர், கிறித்தவத் தமிழிசைக்குப் பெரும்பங்களித்த புலவர். 1820-களின் இறுதியிலேயே இளைய மிஷனரிகளின் சாதி ஒழிப்பு முயற்சியைக் கண்டித்து எழுதியிருந்தார். அவருடைய முறையீடுகளில் சாதி மட்டும் இல்லை. பழகிய தமிழ் வேதாகமத்தை மாற்றித் திருத்துவது, ஆலயத்தில் தமிழ் இசையை விலக்குவது, விழாவில் பூ அலங்காரத்தைத் தடுப்பது ஆகியவற்றையும் அவர் எதிர்த்தார். அவற்றில் நியாயம் உண்டு. மிஷனரிகள் பலர் தமிழ்ப் பண்பாட்டைத் தாழ்வாகக் கருதியது உண்மை.

ஆனால் தமிழ் இசையையும் பறையரைத் தள்ளி உட்கார வைக்கும் உரிமையையும் ஒரே மூட்டையில் கட்டிப் பண்பாடு என்று பெயரிட்டதில்தான் சூழ்ச்சி இருக்கிறது. ஐரோப்பியர் நம் வழக்கத்தில் தலையிடுகின்றனர் என்ற கூக்குரலுக்குள், யாருடைய வழக்கம், அதில் அடிபடுவது யார் என்ற கேள்வி அமுங்கிப்போயிற்று. இன்றும் ஊர்த்திருவிழாத் தேர் சேரிக்குள் வர வேண்டும் என்று கேட்டால் மரபு என்ற சொல்லே விடையாக வருகிறது. அம்மூட்டையை அவிழ்த்து இரண்டையும் தனித்தனியே எடைபோடக் கற்பதே நமக்கான பாடம்.

1834 இறுதியில் வில்சன் தாமே சென்னை வந்தார். 1835 சனவரியில் தஞ்சாவூருக்கும் திருச்சிக்கும் சென்றார். பிரிந்து சென்றவர்களின் வாதங்களை நேரில் கேட்டார், ஆணையைத் தளர்த்தவில்லை. அப்பயணத்தில் அவர் முன்னிலையில் நடந்த திருவிருந்தில் வேளாளர், பறையர், ஐரோப்பியர் என்று வரிசை பிரிக்காமல் கலந்து முழந்தாளிட்டனர். பேராயர் கண்முன் நடந்த அந்தக் காட்சி தமிழ்நாட்டுத் திருச்சபை வரலாற்றில் பெரிய நிகழ்வு. அவர் ஊர் திரும்பிய பின் பிரிந்தவர்களில் சிலர் மனந்திரும்பி வந்தனர், பலர் வரவில்லை.

இந்தப் போராட்டம் முழுவதிலும் நமக்குக் கேட்கும் குரல்கள் பேராயருடையவை, மிஷனரிகளுடையவை, வேளாளப் புலவருடையவை. வெளியேறாமல் ஆலயத்திலேயே தங்கிய பறையர் கிறித்தவர் என்ன எண்ணினர், அடுத்த ஞாயிறு காலியான முன்வரிசையில் முதன்முதலாக அமர்ந்தபோது அவர்களுக்கு என்ன தோன்றிற்று என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை. ஆணை அவர்களுக்காகப் பிறந்தது. அதை வரைந்தபோது அவர்களைக் கலந்து பேசவில்லை.

ஆணை நின்றுபோன எல்லை

வில்சனின் மடல் எழுதப்பட்ட ஆண்டு சட்ட வரலாற்றிலும் முதன்மையானது. 1833 ஆகஸ்ட் 28 ஒரே நாளில் பிரித்தானியப் பாராளுமன்றத்தின் இரு சட்டங்கள் அரச ஒப்புதல் பெற்றன. ஒன்று அடிமை ஒழிப்புச் சட்டம். மற்றொன்று கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டயச் சட்டம். இரண்டாவதன் 87-ஆம் பிரிவு, சமயம், பிறப்பிடம், வமிசம், நிறம் காரணமாக எந்த இந்தியருக்கும் கம்பெனிப் பதவி மறுக்கப்படலாகாது என்றது. சென்னைக்கும் பம்பாய்க்கும் தனிப் பேராயர்களை ஏற்படுத்தியதும், வில்சனைத் தலைமைப் பேராயராக உயர்த்தியதும் அதே சட்டம்தான்.

ஆனால் அடிமை ஒழிப்புச் சட்டம் கம்பெனி ஆட்சிப்பகுதிகளுக்குப் பொருந்தாது என்று விலக்கு எழுதப்பட்டிருந்தது. மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டத்தில் விடுதலை அறிவிக்கப்பட்டபோது, தஞ்சை வயலில் பறையரும் பள்ளரும் நிலத்தோடு சேர்த்துக் கைமாறும் ஆட்களாகவே தொடர்ந்தனர். இந்தியாவில் அடிமை உடைமையைச் சட்டம் ஏற்க மறுத்தது 1843-இல்தான். பண்ணையடிமை முறை அதற்குப் பின்னும் வேறு பெயர்களில் நீடித்தது.

வில்சனின் ஆணை நின்றுபோன எல்லை இங்கேதான். ஞாயிற்றுக்கிழமை காலை ஆலயத்தில் பறையரும் வேளாளரும் ஒரே வரிசையில் அமர வேண்டும் என்று பேராயரால் சொல்ல முடிந்தது. திங்கட்கிழமை காலை அதே வேளாளரின் வயலில் அதே பறையர் எந்த நிலையில் நிற்க வேண்டும் என்பதைப் பற்றி அவருடைய மடலால் எதுவும் செய்ய முடியவில்லை. நிலமும் கூலியும் கிணறும் அதன் வரம்புக்கு வெளியே இருந்தன.

இன்னொரு குறையும் உண்டு. சாதிச் சுவரை இடிக்கச் சொன்ன திருச்சபை, ஐரோப்பியருக்கும் இந்தியருக்கும் நடுவிலிருந்த நிறச்சுவரைத் தொடவில்லை. ஆளும் இனத்தின் பேராயர் ஆளப்படும் மக்களுக்குச் சமத்துவம் போதித்தபோது, எதிர்த்தரப்புக்கு அது வசதியான வாதமாயிற்று. நீங்கள் எங்களோடு சமமாக அமர்வீர்களா என்று வேளாளர் கேட்டபோது அதற்கு நேர்மையான விடை ஆட்சியாளரிடம் இல்லை. அதனால் ஆணையின் அறம் பொய்யாகிவிடாது. அதன் வலிமை மட்டும் பாதியாயிற்று.

இறுதி ஆண்டுகள்

வில்சன் மேலும் இருபதாண்டுகளுக்கு மேல் பதவியிலிருந்தார். 1839-இல் கல்கத்தாவில் தூய பவுல் பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டி, 1847-இல் அதைத் திருநிலைப்படுத்தினார். அதற்குத் தம் சொந்தப் பணத்தையும் பெருமளவில் கொடுத்தார்.

சாதி குறித்த அவருடைய நிலைப்பாடு மெல்ல மெல்ல மற்ற சபைகளின் நிலைப்பாடாகவும் ஆயிற்று. 1850-இல் சென்னையில் கூடிய மிஷனரிகள் மாநாடு சாதியைத் துறக்காதவரைச் சபையில் ஏற்பதில்லை என்று தீர்மானித்தது. ஆங்கிலிக்கர் மட்டுமன்றி இலண்டன் மிஷன் போன்ற பேராயர் இல்லாத சபையினரும் அதில் சேர்ந்தனர். லைப்சிக் லுத்தரன் மிஷன் மட்டும் விலகி நின்றது. வேப்பேரியிலும் தஞ்சையிலும் பிரிந்து சென்றவர்களில் பலருக்கு அந்த மிஷனின் ஆலயங்கள் புகலிடமாயின. ஒரு கதவு மூடினால் மறுகதவு திறக்கும் என்ற நம்பிக்கை இருக்கும்வரை சாதி எந்த ஆணைக்கும் அஞ்ச வேண்டியதில்லை.

அதே 1850-இல் கம்பெனி அரசு சாதிக் குறைபாடுகள் நீக்கச் சட்டத்தைக் கொண்டுவந்தது. மதம் மாறியதாலோ சாதியிலிருந்து விலக்கப்பட்டதாலோ ஒருவர் தம் சொத்துரிமையையும் வாரிசுரிமையையும் இழக்கமாட்டார் என்பது அதன் உள்ளடக்கம். இந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1858 சனவரி 2-இல் வில்சன் கல்கத்தாவில் காலமானார். தாம் எழுப்பிய பேராலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். அப்போது வேப்பேரி மடலுக்கு வயது இருபத்துநான்கு.

சேலம் சமவெளியும் நூறாண்டு கழித்து வந்த ஆணையும்

நம் பகுதிக்கு இந்த வரலாறு வேறொரு பாதையில் வந்து சேர்ந்தது. சேலத்தில் 1827-இல் ஹென்றி கிரிஸ்ப் தொடங்கிய பணி இலண்டன் மிஷனுடையது. அதற்குப் பேராயர் கிடையாது. வில்சனின் ஆணை அதைக் கட்டுப்படுத்தவில்லை. 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது ஆங்கிலிக்கச் சபைகளும் இலண்டன் மிஷன் வழிவந்த சபைகளும் ஒரே அமைப்பாயின. சேலம், நாமக்கல் பகுதிச் சபைகள் இன்று அத்திருச்சபையின் கோயம்புத்தூர்ப் பேராயத்துக்குள் அடங்குகின்றன. வில்சனின் மடல் இப்போது நம் சேகரங்களின் மரபுரிமையும்தான்.

அந்த ஒன்றிணைப்பு நடந்து மூன்றாண்டுகளுக்குள், 1950 ஆகஸ்ட் 10-இல், குடியரசுத் தலைவரின் பட்டியல் சாதிகள் ஆணை வெளியாயிற்று. அதன் மூன்றாம் பத்தி, இந்து சமயத்திலிருந்து வேறான சமயத்தைப் பின்பற்றுபவர் பட்டியல் சாதியினர் ஆகார் என்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் இசுலாமியரும் வெளியே நிற்கின்றனர். மதம் மாறியவர் தம் உரிமையை இழக்கக் கூடாது என்று 1850-இல் காலனிய அரசு சட்டம் செய்தது. சரியாக நூறாண்டு கழித்துக் குடியரசு, மதம் மாறிய தலித் தம் உரிமையை இழப்பார் என்று ஆணையிட்டது. ஆகஸ்ட் 10-ஐத் தலித் கிறித்தவர் கருப்பு நாளாகக் கடைப்பிடிப்பது இதனாலேயே.

சென்னை நடைபாதையில் செருப்புத் தைத்துவந்த தலித் கிறித்தவர் சூசை, தம்மோடு அதே தொழில் செய்த இந்துக்களுக்கு அரசு இலவசமாகத் தந்த சிறுகடை தமக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்சநீதிமன்றம் சென்றார். 1985-இல் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பின்னும் அதே சாதி தொடர்கிறது என்று காட்டினால் போதாது. அச்சாதியின் இழிவும் ஒடுக்குமுறையும் புதிய சமயச் சமூகத்துக்குள்ளும் கடுமையாகத் தொடர்கின்றன என்று மெய்ப்பிக்க வேண்டும் என்றது நீதிமன்றம். மெய்ப்பிக்கும் பொருள் முன்வைக்கப்படவில்லை என்று மனு தள்ளுபடியாயிற்று.

பொருளா இல்லை? 1733-இல் குருப்பட்டம் மறுக்கப்பட்ட இராசநாயக்கன் ஒரு பொருள். 1833-இல் பேராயர் எழுதிய தடைப்பட்டியல் ஒரு பொருள். ஒரே இருக்கையில் அமர மனமின்றி 1834-இல் காலியான வேப்பேரி ஆலயத்தின் வரிசைகள் ஒரு பொருள். மேல்சாதியினரையும் நாடாரையும் பிரித்து நின்ற வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயச் சுவரும், அதன் பொருட்டுச் சென்னை உயர்நீதிமன்றம் வரை நடந்த வழக்கும் இன்னொரு பொருள். இன்று பல ஊர்களில் தனித்தனியே கிடக்கும் கல்லறைத் தோட்டங்கள் கண்முன் நிற்கும் பொருள்.

2007-இல் அரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாம் பத்தியை நீக்கப் பரிந்துரைத்தது. ஒன்றிய அரசு அதை ஏற்கவில்லை. 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையத்தை அமைத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தலித் கிறித்தவருக்குப் பட்டியல் சாதி உரிமை கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. 2024 நவம்பரில் புதுச்சேரியிலிருந்து வந்த வழக்கொன்றில், கிறித்தவ நம்பிக்கையைப் பின்பற்றிக்கொண்டே இடஒதுக்கீட்டுக்காக இந்து என்று உரிமை கோருவதை உச்சநீதிமன்றம் கண்டித்தது. மூன்றாம் பத்தியையே எதிர்க்கும் வழக்கோ 2004-இல் தொடங்கி நீண்டுகொண்டிருக்கிறது. மனிதர் தம் நம்பிக்கையை மறைத்தால்தான் உரிமை என்ற நிலையை உருவாக்கிவிட்டு, மறைத்தார் என்று அவரையே குற்றம் சொல்வது என்ன நீதி?

டேனியல் வில்சனைத் தலித் விடுதலையின் நாயகராக்க வேண்டியதில்லை. அவர் பேரரசின் காலத்து மனிதர்; மேலிருந்து ஆணையிட்டார்; ஆலய வாசலுக்கு வெளியே அவருடைய கை நீளவில்லை. ஆனால் ஒன்றை அவர் செய்தார். தம் வீட்டுக்குள் நோய் இருக்கிறது என்பதை மறைக்காமல் எழுதினார். வெளியேறுகிறோம் என்று மிரட்டியவர்களின் எண்ணிக்கைக்கும் செல்வாக்குக்கும் அஞ்சி அதை அழிக்கவில்லை.

இன்றைய திருச்சபைத் தலைமையிடம் நாம் கேட்பது அந்தத் துணிவைத்தான். எங்கள் சபைகளில் சாதி இல்லை என்று மேடையில் சொல்லும் ஒவ்வொரு முறையும் நீதிமன்றத்தில் தலித் கிறித்தவரின் வழக்கு பலவீனமடைகிறது. கல்லறைகள் எங்கே பிரிந்துள்ளன, சேகரக் குழுக்களில் யார் இருக்கின்றனர், பள்ளி கல்லூரிகளில் யாருக்கு வேலை கிடைத்தது என்று தம் சொந்தப் பதிவேடுகளைத் திறந்து பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய அவர்கள் முன்வர வேண்டும். மாணவர்களும் இயக்கத் தோழர்களும் தத்தம் ஊர்ச் சேகரத்தின் பழைய பதிவேடுகளைத் தேடிப் படிப்பதிலிருந்து அப்பணியைத் தொடங்கலாம். நாமக்கல் சேரியின் தம்பிக்குத் தேவை இரக்கமன்று, சாட்சி. 1833-இல் ஒரு பேராயர் சொன்னார். அடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் இன்று உயிரோடு இருப்பவர்கள்.